வைக்கோல் போர்த்தினா கிழங்கு வந்துடுமா?

கோயம்புத்தூர்ல ஒரு இயற்கைக் கடை. பேர் வேண்டாம். எங்க தாளவாடிப் பக்கத்துல நாலஞ்சு பேர்கிட்ட காய் எடுக்கறாங்க. போன மாசம் ஒரு படிவம் அனுப்பி இருந்தாங்க. பதினாறு கேள்வி. அதுல ஒம்பதாவது: “நிலத்தில் மூடாக்கு இடப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.” ‘இல்லை’ன்னு எழுதினா கிலோவுக்கு மூணு ரூபா கம்மி. என்ன பயிர், எந்த மாசம், மழைக்கா பாசனத்துக்கா, ஒண்ணும் கேக்கல. வாழைக்கும் அதே கேள்வி, முட்டைக்கோசுக்கும் அதே கேள்வி, உருளைக்கிழங்குக்கும் அதே கேள்வி.

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆனியில உருளை போட்டவர். மூடாக்கு போடல. போடாததுதான் சரி. அவருக்கு ஒரு டன்னுக்கு மூவாயிரம் ரூபா போச்சு. ‘ஆம்’னு ஒரு டிக் அடிச்சிருந்தா யாரும் வந்து பாத்திருக்க மாட்டாங்க, அதுவும் உண்மை. பொய் சொன்னவனுக்குக் கூட விலை, சரியா வெள்ளாமை பண்ணினவனுக்குக் கம்மி விலை. இதைப் படிக்கற நீங்கள்ல பல பேர் அந்த மாதிரிக் கடையில காய் வாங்கறவங்க, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். கடைக்காரர் தானா அந்தக் கேள்விய யோசிக்கலைங்க. நீங்க கேக்கறீங்கன்னுதான் அவர் எங்ககிட்ட கேக்கறார்.

நீங்க ஏன் கேக்கறீங்கன்னும் எனக்குத் தெரியும். செல்போன்ல ஒரு படம் ஓடுதே. ஒரு வெள்ளைக்காரர் புல்லு மேல விதைக்கிழங்கை வரிசையா வைக்கறார், மேல வைக்கோலை அள்ளிப் போடறார், உழவு இல்ல, களை இல்ல, மூணு மாசம் கழிச்சு வைக்கோலை ஒதுக்கினா கிழங்கு முட்டை மாதிரி வெள்ளையா கிடக்குது. பாக்க நல்லாத்தான் இருக்கு. அது பொய்யும் இல்ல. அமெரிக்காவுல ரூத் ஸ்டௌட்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1884ல பொறந்து 1980 வரைக்கும் வாழ்ந்தவங்க. கனெக்டிகட்ல அவங்க தோட்டம் முழுக்க இப்படித்தான் பண்ணினாங்க, 1955ல புத்தகமே எழுதினாங்க. ஆனா அவங்க போட்ட வைக்கோல் எதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மழையில நனைஞ்சு கெட்டு, மாடு திங்காதுன்னு ஒதுக்கின காய்ஞ்ச புல்லு அது. அதுவும் வீட்டுத் தோட்டத்துக்கு. வருசத்துல பாதி நாள் குளிர்ல கிடக்கற ஊர். அந்த அம்மா ஊருக்கு அது சரி. அதை அப்படியே தூக்கிட்டு வந்து ஊட்டி சரிவுலயும் திண்டுக்கல் செம்மண்ணுலயும் வைச்சா எப்படிங்க?

முதல்ல வைக்கோல் கணக்கைப் பாப்போம். ஒரு ஏக்கர்னா ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். மண்ணு மேலயே கிழங்கை வெச்சு மூடணும்னா வெளிச்சம் துளிகூட உள்ள போகக் கூடாது. சதுர மீட்டருக்கு ரெண்டு கிலோன்னு கஞ்சத்தனமா போட்டாலே 8 டன். ஒரு ஏக்கர் நெல்லுல ரெண்டு டன் வைக்கோல் கிடைச்சா சந்தோசம். அப்ப ஒரு ஏக்கர் உருளைக்கு நாலு ஏக்கர் நெல்லு வைக்கோல். எங்க மலையில நெல்லே இல்ல, ராகியும் மக்காச்சோளமும்தான். வைக்கோல் கீழ சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் வழியா இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். அந்த லாரி வாடகையும் டீசல் புகையும் “இயற்கை”க் கணக்குல சேருமா சேராதான்னு படிவத்துல இல்ல.

அந்த 8 டன்னை என் மாட்டுக்குப் போட்டா? ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல்னு வெச்சுக்கங்க, பசுந்தீவனம் தனி. நாலு மாடு பதினோரு மாசம் சாப்பிடும். பால் வரும், சாணி வரும், அந்தச் சாணி திரும்ப நிலத்துக்கே வரும். பங்குனி சித்திரையில கட்டு வைக்கோல் கிடைக்காம கண்ணுக்குட்டிய வித்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க. அவங்க முன்னாடி நின்னு “வைக்கோலை மண்ணுல போடுங்க, மண்புழுவுக்கு நல்லது”ன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

சரி, வைக்கோல் இனாமாவே கிடைச்சுதுன்னு வைங்க. அப்பவும் எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. உருளைக்கிழங்கோட சுபாவம் என்னன்னா, அது தென்னமெரிக்கா ஆண்டிஸ் மலையில பொறந்தது. குளிர் கேக்கும். ராத்திரி சூடு 20 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் கிழங்கு கட்டும். மண்ணு சூடு 30ஐத் தொட்டா செடி தழைதழைன்னு வளரும், கீழ தோண்டினா கோலிக்குண்டு. ஆக மூடாக்கு போடறதுக்கு முன்னாடி, உங்க மண்ணு சூடா இருக்கறது தொல்லையா, குளிரா ஈரமா இருக்கறது தொல்லையா, அதைத்தான் கேக்கணும். மூடாக்கு மண்ணைக் குளிர வைக்கும், ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். சூடு தொல்லைன்னா அது மருந்து. ஈரம் தொல்லைன்னா அதுவே நோய்.

சமவெளியில ஐப்பசி கார்த்திகையில நடறாங்க. நடும்போது மண்ணு இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், எடுக்கும்போது மாசி வெயில் வந்துடும். ரெண்டு பக்கமும் சூடு நெருக்குது. அங்க மூடாக்கு அருமை. எங்க ஊர்லயும் கார்த்திகையில கிணத்துப் பாசனத்துல போடற உருளைக்கு நான் போடறேன். வைக்கோல் இல்லைங்க, கரும்புத் தோகை. வேற எதுக்கும் ஆகாது, கொளுத்தித்தான் விடுவாங்க. நட்டு இருபத்தஞ்சு முப்பது நாள்ல மண் அணைச்சு முடிச்சதுக்கு அப்புறம், பாரு மேல மெல்லிசா, வாய்க்கால்ல கொஞ்சம் கனமா. ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை நாலு அங்குலம் உள்ள விட்டு மத்தியானம் ரெண்டு மணிக்குப் பாத்தா, தோகை இருக்கற இடத்துக்கும் வெறும் மண்ணுக்கும் நாலஞ்சு டிகிரி வித்தியாசம் காட்டுது. தண்ணியும் நாலு தடவைக்கு மூணு தடவை போதும்.

இதே தோகைய ஆனி ஆடியில போட்டா? தென்மேற்குப் பருவக் காத்தோட சாரல் நாள் முழுக்க. மண்ணு ஏற்கெனவே குளிர்ந்து சொதசொதன்னு கிடக்கும். அதுமேல போர்வை போட்டா காத்து எங்க போகும்? நட்ட விதை முளைக்கறதுக்கு முன்னாடியே அழுகும். ஓடில்லாத நத்தை வந்து குடியிருக்கும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். கருகல் நோய் எப்படி வரும்னு உருளைக்காரனைக் கேளுங்க: குளிரான ஈரக் காத்து, ரெண்டு நாள் மூடுபனி, இலை காயாம நனைஞ்சே இருக்கணும். 1845ல அயர்லாந்துல பஞ்சத்தைக் கொண்டு வந்த அதே நோய்தான். எங்களுக்கு வடக்க ஹாசன் பக்கம் இந்தக் கருகலாலயே எத்தனை பேர் உருளையை விட்டுட்டாங்க. அந்த நோயோட வித்து இலையில இருந்து மழைத் தண்ணியோட கீழ இறங்கிக் கிழங்கைத் தொடும். நடுவுல நாலு விரக்கடை நல்ல மண்ணு இருந்தா வடிகட்டி நிறுத்தும். வெறும் வைக்கோல்? அது சல்லடை. அதனாலதான் மழைக்கால உருளைக்கு எங்க அப்பா காலத்துல இருந்து உசரமா மண் அணைக்கறது. சோம்பேறித்தனத்துல வெறும் மண்ணா விடல.

ஊட்டி இன்னொரு கதை. அங்க மூணு போகம்: மாசி பங்குனியை ஒட்டி கார்போகம், ஆவணியில ஒண்ணு, தையில பாசனத்துக்கு ஒண்ணு. மார்கழி தையில உறைபனி விழும். பகல்ல மண்ணு வாங்கி வெச்ச வெயில் சூடுதான் ராத்திரி மேல வந்து செடியைக் கொஞ்சமாவது காப்பாத்தும். மண்ணை வைக்கோலால மூடிட்டா அந்தச் சூடு உள்ளயே நிக்கும். வேருக்குக் கதகதப்பு, இலைக்குச் சாவு. காலையில பாத்தா வெந்நீர் ஊத்தின மாதிரிக் கருகிக் கிடக்கும். நீலகிரிக்காரங்க இளம் தேயிலைக்குத் தாகைச் செடியை வெட்டிப் போர்த்துவாங்க, பாத்திருப்பீங்க. எங்க போர்த்தறாங்க? செடிக்கு மேல. அடியில இல்ல. உருளையைக் கண்டுபிடிச்ச ஆண்டிஸ்காரங்களே டிட்டிகாகா ஏரிப் பக்கம் பனிக்கு என்ன பண்ணினாங்கன்னா, மேட்டுப் பாத்தி போட்டு சுத்தி வாய்க்கால்ல தண்ணி நிறுத்தினாங்க. பகல்ல தண்ணி சூட்டை வாங்கும், ராத்திரி திருப்பிக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான வருசம் உருளை தின்னவங்க பனிக்கு எதிரா கையில எடுத்தது வைக்கோலை இல்ல, தண்ணியை.

“அப்ப மலைச்சரிவுல மண்ணு அரிக்குதே, அதுக்கு மூடாக்குதானே மருந்து?”ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஜெர்மனியில சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க, உருளை வரப்புல மெல்லிசா நறுக்கின வைக்கோல் போட்டா சரிவுல மண்ணு ஓடறது ரொம்பவே நின்னுபோச்சு. அசுவினி வந்து உக்காறதும் ஆரம்பத்துல குறைஞ்சுது, அதனால வைரஸ் நோய் கம்மி. விதைக்கிழங்கு போடறவனுக்கு அது பெரிய விசயம். ஆனா அதே சோதனையில மகசூல் ஒண்ணும் கூடல. அதையும் சேத்துச் சொல்லணுமா இல்லையா? நம்ம மலையில மண் அரிப்புக்கு முதல் காரணம் வைக்கோல் இல்லாதது இல்ல. சரிவுக்குக் குறுக்க போட வேண்டிய பாரை, மேலிருந்து கீழ ஓட்டறது. தண்ணி சீக்கிரம் வடியட்டும்னு அப்படிப் போடறாங்க, கூடவே மேல்மண்ணும் வடிஞ்சு போகுது. அதை மாத்தாம மேல வைக்கோல் தூவினா, வைக்கோலும் சேந்து ஓடைக்குப் போகும்.

அமெரிக்காவுல வைக்கோல் மூடாக்கைப் புகழறதுக்கு இன்னொரு காரணம் கொலராடோ வண்டு. கோடு போட்ட வண்டு, உருளை இலையை மொட்டை அடிச்சிடும். வைக்கோல் போட்ட வயல்ல அது குறையுதுன்னு அங்க பாத்திருக்காங்க. நல்லது. நம்ம நாட்டுல அந்த வண்டே கிடையாது! இல்லாத வண்டுக்கு நான் எதுக்கு வைக்கோல் வாங்கணும்? எங்களுக்கு இருக்கறது கறையானும் பெருச்சாளியும் காட்டுப்பன்னியும். செம்மண்ணுல காஞ்ச வைக்கோல் போட்டா கறையானுக்கு விருந்து. எலிக்கு மெத்தை.

இப்படிச் சொன்னதும் “இவர் ரசாயனக்காரர்”னு ஒரு முத்திரை வரும். வரட்டும். நம்மாழ்வார் ஐயா மூடாக்கு பத்திச் சொன்னதை நானும் கேட்டவன்தான். பாலேக்கர் சொன்ன நாலுல மூணாவது ஆச்சாதனம், அதாவது மூடாக்கு. நாலாவது என்னன்னு மூடாக்குப் பிரியர்களைக் கேளுங்க, பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. வாப்சா. மண்ணுக்குள்ள ஈரமும் காத்தும் சேந்து இருக்கணும்கறது. நனைஞ்ச மண்ணு மேல வைக்கோலை அடைச்சா மூணாவது நாலாவதைக் கொன்னுடும். அப்புறம் அவர் ஆச்சாதனத்துல மூணு வகை சொல்றார்: வைக்கோல், உயிர் மூடாக்கு, மண் மூடாக்கு. மண்ணும் மூடாக்குதாங்க! உருளைக்கு மண் அணைச்சா கிழங்கு மேல வெளிச்சம் படாது, பச்சை ஏறாது. கடையில பச்சைத் திட்டு விழுந்த கிழங்கை நீங்க ஒதுக்கறீங்களே, கசக்குமே, அது வெளிச்சம் பட்ட கிழங்கு. மண்வெட்டி பிடிச்சு ரெண்டு தடவை மண் அணைக்கற பொம்பளையாள் கூலிதான் அந்தப் பச்சை இல்லாததுக்குக் காரணம். படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இல்ல.

வைக்கோல் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. அது ஜெயிச்ச இடத்தைப் பாருங்க, ஏன் ஜெயிச்சுதுன்னு தெரியும். வங்காளத்துல சுந்தரவனம், கோசாபா பக்கம். கடலோரம், உப்பு மண்ணு. நெல்லு அறுத்து முடிக்கும்போது வயல் சேறா இருக்கும், ஏர் இறங்காது. காய விட்டு உழலாம்னா அதுக்குள்ள நாள் போயிடும், மண்ணுக்கு அடியில இருந்து உப்பு மேல ஏறிடும். அதனால சேத்து மேலயே விதைக்கிழங்கை வெச்சு, தொழு உரம் போட்டு, அதே வயல் வைக்கோலை மேல கனமா மூடறாங்க. ஆவி போறது நிக்குது, உப்பு ஏறறது குறையுது, உழவுக் கூலி மிச்சம். அது குளிர்காலம், மழை இல்ல. வைக்கோல் அதே வயல்ல கிடக்குது. தொல்லைக்கும் மருந்துக்கும் நடுவுல லாரி இல்ல. தெற்குச் சீனாவுல குவாங்சிப் பக்கமும் நெல்லுக்கு அப்புறம் இதே மாதிரிதான். நம்ம ஊர்ல தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஓரத்துல யாராவது தாளடி முடிஞ்சு பண்ணிப் பாக்கலாமான்னா, ராத்திரிக் குளிர் அங்க பத்தாது. கிழங்கு பேருக்குக் கட்டும். வைக்கோல் இருக்கற இடத்துல குளிர் இல்ல, குளிர் இருக்கற இடத்துல வைக்கோல் இல்ல. தமிழ்நாட்டு உருளையோட விதி அப்படி.

பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் பத்தி ரெண்டு வார்த்தை. வைக்கோல் இல்லாதவனுக்கு இது வழின்னு மானியத்தோட வருது. மிளகாய், தர்பூசணிக்குச் சரி. உருளைக்கு நடுவுல மண் அணைக்கணுமே, ஷீட்டை விரிச்சுட்டு எப்படி அணைப்பீங்க? கறுப்பு ஷீட் நம்ம வெயில்ல மண்ணை இன்னும் சூடாக்கும். சீனாவுல கான்சு மாகாணம் குளிரும் வறட்சியுமான ஊர், அங்க ஷீட்ல உருளை நல்லா வந்துது, ஏக்கர் ஏக்கரா விரிச்சாங்க. அப்புறம் கிழிஞ்ச ஷீட் துண்டு மண்ணுக்குள்ள சேந்து வேர் இறங்க முடியாத அளவுக்குப் போனதும், 2018ல இருந்து 0.01 மில்லிமீட்டருக்கு மெல்லிசா ஷீட் செய்யக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நம்ம படிவத்துல அந்த ஷீட்டுக்கும் ‘ஆம்’தான். கேட்டுப் பாத்தேன். “மூடாக்குதானே சார், ஓகே”ன்னாங்க.

ஆக ஆனியில மண் அணைச்ச உருளைக்கு மூணு ரூபா கம்மி, ஷீட் விரிச்ச உருளைக்கு முழு விலை. இதுக்கு இயற்கைன்னு பேரு.

ஒரு ஏக்கர் உருளைக்கு விதைக்கிழங்கே 1,200 கிலோ வேணும். விதை விலைய விசாரிச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும் நாங்க ஏன் படத்தைப் பாத்து பரீட்சை பண்றது இல்லைன்னு. மாடித் தோட்டத்துல ஒரு கிலோ விதை அழுகினா நீங்க ஒரு போட்டோ போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்பீங்க. இங்க அழுகினா கூட்டுறவுச் சங்கத்துல நகை இன்னொரு வருசம் இருக்கும். மாடித் தோட்டக்காரங்களைக் குறை சொல்லல. சென்னை மாடியில பையில உருளை போடறவங்க தாராளமா மூடாக்கு போடுங்க, உங்களுக்கு அது இல்லாம முடியவே முடியாது, பை சுட்டுடும். மார்கழியில மட்டும் போடுங்க. தென்னை மட்டைய நறுக்கிப் போட்டாக்கூடப் போதும்.

கடைக்காரங்ககிட்ட நான் ஒண்ணு எழுதி அனுப்பி இருக்கேன். ஒம்பதாவது கேள்விய எடுத்துட்டு, “எந்த மாசம் நட்டீங்க, மழையா பாசனமா, மண் எத்தனை தடவை அணைச்சீங்க, அறுவடைக் கழிவை என்ன பண்ணினீங்க”ன்னு நாலு கேள்வி போடச் சொல்லி. இதுவரைக்கும் பதில் இல்ல. உங்கள்ல யாராவது அந்த மாதிரிக் கடையில வாங்கறவங்க இருந்தா, அடுத்த தடவை பில்லு போடும்போது இதைக் கேட்டுப் பாருங்க. பத்து பேர் கேட்டா படிவம் மாறும்.

நம்பிக்கை இல்லாதவங்க கார்த்திகைக் கடைசியில கிளம்பி வாங்க. திம்பத்துல ராத்திரி நேரத்துல வண்டி விடமாட்டாங்க, அதனால மத்தியானத்துக்குள்ள ஏறிடுங்க. தோகை போட்ட பாரும் போடாத பாரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், தெர்மாமீட்டர் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு நீங்க கொண்டு வாங்க.